வியாழக்கிழமையின் ஒரே நோயாளி

அனுப்புநர்:
பிசிறு வெட்டும் தொழிலாளி (மற்றும் கீழே கையெழுத்திட்டுள்ள இருபத்தைந்து பேர்),
சட்டை தைக்கும் பிரிவு, இரண்டாம் மாடி,
அரசுச் சுகாதார நிலையத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
சுகாதாரத் துறை அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருச் சுகாதார நிலையத்தை மூடும் உத்தரவை ரத்து செய்யவும், செவிலியர் மீதான நடவடிக்கையைக் கைவிடவும் வேண்டுதல் – தவறு எங்களுடையது எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: நிலையத்தின் கதவில் ஒட்டியுள்ள தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அறிவிப்பை மதிய இடைவேளையில் நின்று இரண்டு முறை படித்தோம். வாரத்தில் வியாழன் மட்டும் திறக்கும் இந்நிலையத்துக்கு ஒரே ஒரு நோயாளிதான் வருகிறார். ஆய்வுக்கு வந்தபோது கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தெருவில் தனியார் மருத்துவமனை இருக்கையில் அரசு இங்கே வைத்தியம் பார்க்கத் தேவையில்லை என்று அதில் கண்டுள்ளது. முதல் இரண்டுக்கும் நாங்களே பொறுப்பு. மூன்றாவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

2. எங்கள் மாடியில் காலர் தைப்பவர் எழுந்து போனால் கை தைப்பவருக்குத் துணி வராது. அவர் சும்மா இருந்தால் பட்டன் வைப்பவரும் சும்மா. ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏற்பாடு செய்தோம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடும் இருபத்தாறு பேரின் அட்டைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, முறை வைத்து ஒருவரை மட்டும் அனுப்புவது. அவர் எல்லாருக்கும் மாத்திரை வாங்கி வருவார். நேரில் வந்தவரைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதியாம். அதனால் இருபத்தாறு பேரும் நான்கு ஆண்டுகளாக ஒரே ஆளாக இருந்திருக்கிறோம். இந்த யோசனையைச் சொன்னவள் நான். அன்று எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள், நானும் நம்பிவிட்டேன்.

3. செவிலியர் இதற்கு மனதாரச் சம்மதித்ததே இல்லை. "பிரஷர் அட்டைக்கா இருக்கு? ஆளை வரச் சொல்லுங்க" என்று வாராவாரம் சொல்லி அனுப்புவார். மாத்திரை நின்றால் ஆபத்து என்பதால் கொடுத்தும் விடுவார். அடுத்த வாரமும் நாங்கள் பையைத்தான் அனுப்புவோம்.

4. கடந்த மாதம் மூன்றாவது வியாழன் காலை பதினொரு மணிக்கு அவருடைய பொறுமை தீர்ந்தது. நிலையத்தைப் பூட்டிவிட்டு, பிரஷர் பார்க்கும் கருவியோடு இரண்டு மாடி ஏறி வந்தார். ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பார்த்தார். இஸ்திரி போடும் அண்ணன் நழுவப் பார்த்தார். "இந்தச் சூட்டுல நின்னா யாருக்குத்தான் ஏறாது? எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். கருவி இருநூற்றுப் பத்து காட்டியது. காலையிலிருந்து வலது கை மரத்துப்போய் இருப்பதை அப்போதுதான் வாய் திறந்து சொன்னார். இஸ்திரிப் பெட்டி பிடித்த அலுப்பு என்று நினைத்திருந்தாராம். செவிலியர் ஆம்புலன்ஸ் வண்டியை வரவழைத்து அவரைப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். உடன் போனது நான். இன்னும் தாமதித்திருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன் ஐயா. அவருடைய அட்டையை அத்தனை நாள் பையில் போட வைத்தவள் நான்தானே.

5. தங்கள் ஆய்வாளர் வந்து பூட்டைப் பார்த்தது அதே வியாழன், அதே நேரம். செவிலியர் அப்போது எங்கள் மாடியில் இருந்தார் என்பதற்கு இருபத்தாறு பேர் சாட்சி.

6. தனியார் மருத்துவமனையைக் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. என் நாத்தனாருக்கு அங்கேதான் பிரசவம் ஆயிற்று, நன்றாகவே கவனித்தார்கள். ஆனால் அவர்கள் வருகிறவருக்கு வைத்தியம் பார்ப்பவர்கள். வராதவர் ஏன் வரவில்லை என்று மாடி ஏறிக் கேட்பது அவர்கள் வேலையல்ல. அதை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. அப்படிக் கேட்க ஒருவர் வேண்டும். அது அரசாங்கமாகத்தான் இருக்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

7. எங்கள் மேற்பார்வையாளர் இதை ஒப்புக்கொள்ளாதவர். சாலை போடுவதோடு அரசாங்கம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் வாதாடுவார். அண்ணனைத் தூக்கி வண்டியில் ஏற்றியதும் அவர்தான். கருத்து மாறிவிட்டதாக இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் யார் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். எழுந்து போகிறவரின் இயந்திரத்தில் நான் உட்கார்ந்து தைக்கிறேன். என் காலர் சற்றுக் கோணல்தான், பொறுத்துக்கொள்கிறார்கள். போன வியாழன் இருபத்தாறு பேரும் நேரில் போனோம். அதற்குள் செய்தி பரவி, கீழ்த்தளத்தில் பெட்டி கட்டுகிறவர்கள் ஐந்து பேரும் புதிதாக அட்டை போட்டுவிட்டார்கள்.

8. இஸ்திரி அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போது சட்டை மடிக்கிறார். வாரம் ஒரு முறை பிரஷர் பார்த்தே ஆக வேண்டும் என்பது மருத்துவர் கண்டிப்பு. இம்மாதக் கடைசி வியாழனோடு நிலையம் மூடப்படும் என்கிறது தங்கள் அறிவிப்பு. அதற்கடுத்த வியாழன் அவரை எங்கே அழைத்துப் போவோம் என்று தெரியவில்லை. வாராவாரம் தனியாரிடம் போக அவருக்குக் கட்டுப்படியாகாது. போகாமல் இருந்துவிடுவார், அவர் சுபாவம் அது.

ஆகவே நிலையத்தை மூடும் உத்தரவை ரத்து செய்யுமாறும், செவிலியரிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய குறிப்பாணையைத் திரும்பப் பெறுமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். யாரிடமாவது விளக்கம் கேட்டே ஆக வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.

மறு ஆய்வுக்குத் தாங்களே நேரில் வர வேண்டும். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். எந்த வியாழன் வந்தாலும் நாங்கள் வரிசையில் இருப்போம். வந்ததும் தாங்களும் செவிலியர் முன்னால் உள்ள முக்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து கையை நீட்டுங்கள். கோப்புகளுக்கு நடுவே தங்களுக்கும் பிரஷர் பார்த்துப் பல நாள் ஆகியிருக்கும். அன்றைய பதிவேட்டில் தங்களையும் ஓர் ஆளாகச் சேர்த்து எழுதட்டும்.

இடம்: தையல் பிரிவு, இரண்டாம் மாடி
நாள்: 9ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பிசிறு வெட்டும் தொழிலாளி

இணைப்பு: இருபத்தைந்து கையெழுத்துகள். மூன்றாவது, இஸ்திரி அண்ணன் வலது கையாலேயே போட்டது.