கிணற்றில் சேர்த்த பாலாமைகள்

அண்ணே,

கையைக் கழுவியும் சேற்று வாடை போகவில்லை. இன்று நம் தெருக்குளத்தை இறைத்து மீன் பிடித்தார்கள். வலையை உதறியபோது ஒரு பாலாமை விழுந்தது. வயலுக்கு அடிக்கிற மருந்துக்கும் தப்பி, ஒற்றையாகக் கிடந்தது. உடனே உங்கள்மேல் கோபம் வந்தது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாதாம். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

பண்ணையாரிடமிருந்து அந்தக் குளம் நம் கைக்கு வருவதற்குள் எத்தனை அடி, எத்தனை கேஸ்! முன்னால் நின்றது நீங்கள். முதல் மீன்பிடி அன்று கரையில் நின்று சொன்னீர்கள்: "மீனைப் புடிச்சுக்குங்க. ஆமையை யாரும் தின்னக் கூடாது. நம்மள மாதிரி அதுக்கும் போக்கிடம் கெடையாது."

அதுவே தெருவின் வழக்கமாயிற்று. குளம் இறைத்தால் ஆமைகளைப் பொறுக்கிப் பொதுக்கிணற்றில் விடுவோம். ஆற்றில் தண்ணீர் வந்து குளம் நிரம்பியதும் திரும்ப விடுவோம். கூடை சுமந்தவள் நான். "ஆமைக்கு அம்மா வந்துட்டா" என்று கேலி செய்வீர்கள்.

பிறகு நீங்கள் ஆளுங்கட்சிக்குப் போய் ஊராட்சித் தலைவரானீர்கள். அந்தக் கோடையில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. கிணற்றடியில் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது. நேரே உங்களிடம் வந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "கட்சியில மேல ஒருத்தருக்கு மூல வியாதி. மருந்துக்கு ஆமைக்கறி கேட்டாரு. மிச்சத்தை யாவாரி எடுத்துக்கிட்டான். மனைப்பட்டா வரணுமா வேணாமா, நீயே சொல்லு."

பட்டா வந்தது. அந்த மனையில்தான் இன்றும் குடியிருக்கிறேன். ஆனால் வேலியே பயிரை மேய்ந்ததை மறக்க முடியவில்லை. வேறு ஊரென்றால் அந்த வியாபாரி குளம் குளமாகச் சேற்றைத் துழாவியிருப்பான். நம் ஊரில் அவனுக்கு ஒரு கிணறு போதுமாயிருந்தது. எல்லாவற்றையும் என் கையாலேயே அங்கே சேர்க்க வைத்தீர்களே, அண்ணே.

இன்றைக்கும், "கெணத்துல விட்டுடுங்கக்கா, அண்ணன் வச்ச வழக்கமாச்சே" என்றார்கள். ஆமையை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். பண்ணையார் கோர்ட்டுக்குப் போனபோது அமீனா வந்து என் சட்டிபானையை வெளியே எறிந்திருக்கிறான். ஆமை என்ன செய்துவிடும்?

சாயங்காலம் அதை ஒரு நீர்நிலையில் விட்டுவிட்டு வந்தேன். நல்ல ஆழம், கரையெல்லாம் நாணல். தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. எந்த ஊர், எந்தக் கரை என்று எழுத மாட்டேன். உங்களுக்குக்கூட.