தேவிபட்டினத்தில் திதி கொடுத்தாராம்

மாசி 9, வெள்ளி

காலையிலிருந்து மூட்டம். காற்றில் ஒரே உப்புப் பிசுக்கு. எழவுக்கு எடுத்த நாற்காலிகளை அனுப்பியாச்சு. பால் கால் லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டேன். இனி ஒரு ஆள்தானே.

இவர் போனது அமாவாசையன்று. தேவிபட்டினம் கடலில், நவபாஷாணக் கற்களுக்குத் தெற்கே, முழங்கால் தண்ணீரில் குப்புறக் கிடந்தாராம். அப்பாவுக்குத் திதி கொடுக்க இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டார் என்கிறது போலீஸ். அதற்கென்றே புது வேட்டி வாங்கிக் கட்டியிருந்தாராம். நெற்றியில் பட்டையாகத் திருநீறாம்.

குழாயடியில் பேச்சு:

"சாமி இல்ல பூதம் இல்லன்னு மேடை மேடையா கத்துன மனுசன். கடைசியில எங்கன போயி விழுந்தாரு பாத்தியா?"

"அந்தக்கா கும்புட்ட கும்புடு சும்மா போகுமா?"

உடம்பு சிலிர்த்தது. கல்யாணமான நாளிலிருந்து நயினார்கோவிலில் எனக்கு ஒரே வேண்டுதல். ஒரு தடவையாவது இவர் நெற்றியில் நீறு. அழுதேன். பாதி சந்தோஷம்.

குப்புறக் கிடந்தவர் நெற்றியில் நீறு எப்படி அழியாமல் நின்றது? சாமி விஷயத்தில் குறுக்குக் கேள்வி வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

மாசி 10, சனி

மூட்டம் விலகவில்லை. சிலிண்டர் வந்தது. அரிசியில் வண்டு, வெயில் வந்தால் காயவைக்க வேண்டும்.

மத்தியானம் தம்பி வந்தான். கையில் ஒரு தாள்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து. மச்சான் சாவுல சந்தேகம் இல்லைன்னு. கேஸை முடிச்சிருவாங்க."

"அவரு திதி கொடுக்கப் போறேன்னு யாருகிட்டலே சொன்னாரு?"

"எங்கிட்டத்தான். ஒனக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவேன்னு கூச்சப்பட்டாரு."

நானா கேலி பண்ணுவேன்? எள்ளும் தர்ப்பையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்திருப்பேனே. அதுவும் இவனிடமா சொல்லியிருப்பார்? தம்பி இறால் பண்ணையில் மேஸ்திரி. பண்ணை உப்புத் தண்ணீரைக் கண்மாயில் விடுகிறது என்று இவர் தன் பத்திரிகையில் போன இதழ் முதல் பக்கத்தில் எழுதினார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை.

நாளை மறுநாள் போடுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். காபி குடிக்காமல் போனான். குடிக்காமல் போகிறவனே இல்லை.

பழசெல்லாம் ஓடுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அச்சுக்குப் போகும் முன் இவர் எழுதிய தாள்களைப் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து வந்தது. மூன்று தடவை ஜெயில். சட்டசபைக்கு நின்று டெபாசிட் போனது. ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்தபோது மாலை போட வந்தவர்களிடம், "அத எம்பொண்டாட்டி சாமிக்குப் போடுங்க, அவதான் எனக்கு ஓட்டு கேட்டா" என்றார். நக்கல்தான். ஆனால் பூஜை அறை வாசலைத் தாண்டிச் செருப்போடு ஒரு நாளும் நடந்ததில்லை.

மாசி 11, ஞாயிறு

வெயில். அரிசி காயவைத்தேன்.

பெரியபட்டினத்திலிருந்து சுல்தான் பாய் வந்தார். பத்திரிகை அவர் அச்சகத்தில்தான் அச்சாகும். செல்லில் ஒரு படம் கொண்டுவந்திருந்தார். இவரைக் கரையில் மல்லாத்திக் கிடத்தியிருந்தபோது, போலீஸ் வருமுன் ஒரு மீன்காரர் பிடித்ததாம். யார் யாரோ அனுப்பி பாய்க்கு வந்திருக்கிறது.

"தங்கச்சி, நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாருங்க."

முதலில் நீறுதான் கண்ணில் பட்டது. காய்ந்த நீறு, கரைக்கு எடுத்த பிறகு பூசியது. அப்புறம் வேட்டி. இடுப்பில் பெல்ட் இறுக்கியதால் அவிழவில்லை. வலப்பக்கம் கட்டியிருந்தது.

இங்கே நம் ஆட்கள் வலப்பக்கம் கட்டுவார்கள், பாய்மார் இடப்பக்கம். இவர் வாலிபத்தில் ஊரில் ஒரு கலவரம். வேட்டிக் கட்டைப் பார்த்து ஆள் பிரித்து அடித்தார்கள். அன்று முதல் இவரும் இடப்பக்கம். "என்னண்ணே, சுன்னத்து ஆச்சா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரிப்புதான் பதில். கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள், மாற்றவில்லை. எங்கள் கல்யாணத்திலும் அப்படித்தான். என் அய்யா பந்தலில் கோபித்துக்கொண்டு எழுந்தார்.

அந்த வேட்டியை இவர் கட்டவில்லை. எவனோ கட்டிவிட்டிருக்கிறான். அவன் கை அதன் பழக்கத்துக்குப் போயிருக்கிறது. நீறும் அதே கைதான்.

சுல்தான் பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. என் வேண்டுதல் பலிக்கவே இல்லை. பலித்தது என்று நான் வாயை மூடிக்கொள்ளட்டும் என்றுதான் என் சாமியை இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

மாசி 12, திங்கள்

தீட்டு. விளக்கு ஏற்றவில்லை. மனசுக்குள் மட்டும் கும்பிட்டேன்.

விடிந்ததும் தம்பி. "பேனா இருக்காக்கா?"

"இங்கன ஒக்காரு. மச்சான பாய் மச்சான், பாய் மச்சான்னு ஏண்டா கூப்புடுவ?"

"அது… வேட்டிய எடப்பக்கம்…" அங்கேயே நின்றுவிட்டான்.

"அன்னைக்கு வலப்பக்கம் இருந்துச்சுலே."

முகம் வெளுத்தது. தாளோடு எழுந்தான்.

"அக்கா, நான் கட்டல. நயினார்கோவில் சாமி சத்தியமா நான் கட்டல. நான் கரையிலதான் நின்னேன்."

இன்னொருவர் கட்டினார் என்று நான் சொல்லவே இல்லை.

தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சுல்தான் பாய் ஆட்டோவோடு வாசலில். ராமநாதபுரம், எஸ்.பி. ஆபீஸ். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து அழுகிறான். அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.