பாதி எனக்கு, பாதி வாலுக்கு

மார்ச் 4, திங்கள்

காலையில் ஹார்ட் டிஸ்க் மூன்று முறை 'டிக்' என்றது. கடிகாரம் 'டிக்' என்றால் ஓடுகிறது என்று பொருள். ஹார்ட் டிஸ்க் 'டிக்' என்றால் நிற்கப் போகிறது என்று பொருள்.

அதில் நிருபராக நான் எடுத்த இருபத்தாறு வருடப் பேட்டிகளின் ஒலிப்பதிவு இருக்கிறது. பெயர் போட்டுப் பேசியவர்கள், பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பேசியவர்கள், பேசிவிட்டு மறுநாள் மறுத்தவர்கள். வேறு பிரதி இல்லை. எடுக்க வேண்டும் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

இவள், என் மனைவி, மருந்துக் கடைக்குக் கிளம்பும்போது காதைக் கொடுத்துக் கேட்டாள். "உங்களுக்கு முன்னாடியே அது ரிட்டயர் ஆயிடும் போல."

மார்ச் 5, செவ்வாய்

புது டிரைவ் வாங்கப் போகிறேன் என்றதும் மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள். பள்ளி இறுதித் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. வேறு எதற்கும் எழுந்து வராதவள்.

"அப்பா, வாங்கறதுதான் வாங்கறீங்க, என் கேம் கன்சோலுக்கும் ஆகற மாதிரி வாங்குங்களேன். உள்ள இடமே இல்ல. ஒரு கேம் உள்ள வரணும்னா ஒரு கேம் வெளிய போகணும். நம்ம வீட்டு பாத்ரூம் மாதிரி."

இதற்காகத்தான் அவளுக்கு வாலு என்று பெயர். கன்சோல் பழைய மாடல், ஒரு கை மாறி வந்தது. தேர்வு முடியும்வரை அதைத் தொடுவதில்லை என்று அவளாகவே துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். முடிந்ததும் டிரைவ் தயாராக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 9, சனி

கணினிக் கடை. குறிப்பேட்டோடு போனேன். கடைக்காரர் என்னை வரி அதிகாரி என்று நினைத்திருப்பார்.

சுழலும் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி.தான். உள்ளே அசையும் பாகம் கிடையாது, கீழே விழுந்தாலும் பிழைக்கும், வேகமும் அதிகம். பெட்டியில் போட்ட வேகம் உண்மையா என்று கேட்டேன்.

"அது மைதானத்துல ஓடுற வேகம் சார். உங்க கம்ப்யூட்டர்ல வாசல் சின்னதா இருந்தா, குதிரையும் குனிஞ்சுதான் உள்ள வரணும்."

பழைய கணினியில் பழைய வாசல்தானாம். அதனால் மிக வேகமானதை வாங்குவது வீண். கேபிள் முக்கியம், கூட வருவதையே பயன்படுத்த வேண்டும், மேசையில் கிடக்கும் சார்ஜர் கேபிளைச் செருகிவிட்டு வேகம் இல்லை என்று திட்டக் கூடாது. தொடர்ந்து கோப்புகளை ஏற்றினால் சூடாகும், ரப்பர் உறை போட்டது நல்லது. மகளின் கன்சோலில் டிரைவிலிருந்தே கேம் ஓடும். புது மாடல் கன்சோலின் புது கேம்களை இதில் வைத்துக்கொள்ளலாம், ஓட்ட முடியாது. இவ்வளவும் அவர் சொன்னது. மனிதருக்கு விஷயம் தெரியும்.

கடைசியில் சொன்னார்: "கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, கன்சோலுக்கு ஒண்ணு. ரெண்டா வாங்கிடுங்க சார். ஒண்ணுல ரெண்டு வேலை ஒத்து வராது."

குறிப்பேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். விற்பவர் 'இரண்டு வாங்கு' என்பது செய்தி அல்ல.

மார்ச் 11, திங்கள்

அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். "ஒரு டிரைவை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியில ஒண்ணு, இன்னொரு பாதியில ஒண்ணுன்னு வெச்சுக்கலாமா?"

"தாராளமா. அஞ்சு நிமிஷ வேலை."

இவருக்கு இதில் லாபம் எதுவும் இல்லை. இரண்டாவது ஆதாரம் கிடைத்தது. ஒரே டிரைவ் போதும்.

மார்ச் 16, சனி

வாங்கியாயிற்று. இரண்டு டெராபைட், குளித்துத் தேய்ந்த சோப்புக் கட்டி அளவு. இருபத்தாறு வருடம் இவ்வளவு எடை இல்லாததா?

கணினியில் இரண்டாகப் பிரித்தேன். பதிவுகள் ஏறி முடிய மத்தியானம் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கோப்புகளைத் திறந்து கேட்டேன். பத்தும் பேசின. மேலே ஒரு ஒட்டுத்தாள்: கோடு கிழித்து ஒரு பக்கம் 'அப்பா', மறுபக்கம் 'வாலு'.

"உன் பாதி காலியா இருக்கு. என் பாதிப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

"பார்ட்டிஷன் போட்ட வீட்டுல நான் வாடகைக்கு இருக்கேன். ஓனர் அப்பா," என்றாள் அம்மாவிடம்.

பிறகு பழைய டிஸ்க்கை உடைத்தோம். பெயர் வெளியே வரக் கூடாதவர்கள் இருந்த டிஸ்க்கை முழுசாகக் குப்பையில் போடுவதில்லை. எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். பின்வாசல் படியில் வைத்துச் சுத்தியலால் நான்கு அடி. "எனக்கு ஒண்ணுப்பா, ஒண்ணே ஒண்ணு," என்று வாங்கி அவளும் அடித்தாள். தகடு நெளிந்து சூரியனைக் காட்டியது.

இவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பனும் பொண்ணும் கொலை பண்ணிட்டுத் தடயத்தை அழிக்கற மாதிரியே இருக்கு."

நல்ல நாள்.

மார்ச் 22, வெள்ளி

தேர்வு முடிந்தது. கன்சோலின் துணியை எடுத்துவிட்டாள். "நாளைக்கு டிரைவ்," என்றாள். நாளைக்கு எனக்குத் தூண் விரிசல் விட்ட பால விவகாரத்தில் ஒரு பேட்டி, ஓய்வுபெற்ற பொறியாளரோடு, போனில்.

மார்ச் 23, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

சாயங்காலம் டிரைவைக் கணினியில் செருகினேன். என் பாதி இல்லை. அவள் பாதியும் இல்லை. இரண்டு பாதி என்பதே இல்லை. முழு டிரைவையும் கன்சோல் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே மூன்று கேம்.

இருபத்தாறு வருஷம். மூணு கேம்.

எழுத முடியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

நான் கத்தினேன். "உன் வெளையாட்டுக்கு என் மொத்த வாழ்க்கையையும் அழிச்சிட்டியேடி!" அவள் கையில் கன்சோலின் ரிமோட் இருந்தது. முதலில் புரியவில்லை அவளுக்கு. புரிந்ததும் முகம் வெளுத்தது.

"ஃபார்மேட் பண்ணணும், எல்லாம் அழியும்னு கேட்டுச்சுப்பா. என் பாதியைத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன். இருந்தும் உங்ககிட்ட கேட்டேன். நீங்கதான் பண்ணச் சொன்னீங்க."

"நான் சொன்னேனா? எப்ப?"

"போன்ல இருந்தீங்க. வாசல்ல நின்னு கேட்டேன்."

"பொய் சொல்லாதே."

இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை மெதுவாக. கத்திச் சொன்னதைவிட அது மோசம் என்று இவள் இப்போது சொல்கிறாள்.

மகள் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு நினைவிருக்காதா? நினைவுதானே என் பிழைப்பு.

மார்ச் 26, செவ்வாய்

டிரைவை எடுத்துக்கொண்டு கணினிக் கடைக்குப் போனேன். அவர் நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"பழைய டிஸ்க்குன்னா தோண்டிப் பாக்கலாம் சார், ஏதாவது தேறும். எஸ்.எஸ்.டி. அப்படியில்ல, பலகையைத் தண்ணி ஊத்திக் கழுவற மாதிரி. அதுக்கு மேல கேம் வேற ஏத்தியிருக்கீங்க. பழைய டிஸ்க் எங்க?"

சுத்தியல் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"கன்சோலுக்குப் பாதி, முக்கால் எல்லாம் தெரியாது சார். கொடுத்தா முழுசா எடுத்துக்கும். அதான் ரெண்டா வாங்குங்கன்னேன்."

எனக்கு நினைவிருந்தது. கேள்விக்குறியும் நினைவிருந்தது. அலுவலகத்தில் நான் கேட்டது 'டிரைவைப் பிரிக்கலாமா' என்று. 'பிரித்த டிரைவைக் கன்சோல் ஏற்குமா' என்று கேட்கவில்லை. சரியான ஆளிடம் தவறான கேள்வி. புதிதாகச் சேரும் நிருபர் செய்தால் திட்டியிருப்பேன்.

ஆனாலும் அவள் கேட்டிருந்தால் நான் தடுத்திருப்பேனே. அது மட்டும் ஆறவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

வீட்டில் ஒரு புது வழக்கம். பக்கத்து அறையில் இருந்துகொண்டே மகள் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறாள்.

'மாடியில் காயும் துணியை எடுக்கலாமா?'

'எடு' என்று பதில் போட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் எதற்கு?

ஏப்ரல் 6, சனி

'பழைய செய்தித்தாள்களைப் பேப்பர்காரரிடம் போடலாமா? ஆம் / இல்லை.'

ஆம் / இல்லை! தேர்வு எழுதிய பழக்கம் விடவில்லை போலிருக்கிறது. இவளிடம் சிரித்துக்கொண்டே காட்டினேன். இவள் சிரிக்கவில்லை.

கன்சோலைக் காணோம். கேட்டதற்கு, அலமாரி மேலே ஏற்றிவிட்டாள் என்றாள் இவள்.

ஏப்ரல் 15, திங்கள்

பால விவகாரச் செய்தி நேற்று வெளியானது. காலையில் ஓய்வுபெற்ற பொறியாளர் போன் செய்தார். "தூண்ல விரிசல் இருந்தது முன்னாடியே தெரியும்னு நான் எப்ப சார் சொன்னேன்? நீங்களா எழுதிட்டீங்க."

நான் பதறவில்லை. குறிப்பில் இருக்கிறது. ஒலிப்பதிவும் இருக்கிறது. போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் சின்ன ரெக்கார்டரை ஓடவிட்டுத்தான் எப்போதும் பேசுவேன். மார்ச் 23 பேட்டி இன்னும் ரெக்கார்டரிலேயே இருந்தது. ஏற்றி வைக்க டிரைவ் ஏது?

மத்தியானம் அலுவலகத்தில் காதில் மாட்டிக் கேட்டேன். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பொறியாளர் தெளிவாகச் சொல்கிறார்: "தெரியும் சார். எல்லாருக்கும் தெரியும்." நான் எழுதியது சரி. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, ஏனோ.

நாற்பத்தொன்றாவது நிமிடம். பொறியாளர் பேசிக்கொண்டே இருக்கிறார். தூரத்தில் கதவுச் சத்தம். பிறகு—

"அப்பா. ஃபார்மேட் பண்ணணுமாம். உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கு. பண்ணட்டுமா?"

"பண்ணும்மா, பண்ணு. போன்ல இருக்கேன்ல?"

"நிஜமா பண்ணட்டுமா?"

"பண்ணுன்னா பண்ணேன்! — சாரி சார், நீங்க சொல்லுங்க."

என் குரல். என் எரிச்சல். இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை.

இந்தத் தொழிலில் எத்தனை பேரிடம் 'என்னிடம் பதிவு இருக்கிறது' என்று சொல்லியிருக்கிறேன். அப்போது எதிர்ப்பக்கம் எழும் மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும். இன்று அந்த மௌனம் என் காதுக்குள்ளேயே இருந்தது.

அந்தச் செய்திகள் ஏன் வருகின்றன என்று இப்போது புரிகிறது. துணியை எடுக்கலாமா. பேப்பர் போடலாமா. ஆம் / இல்லை. அது தேர்வுப் பழக்கம் இல்லை. ஆதாரம் சேர்க்கிறாள், என் மகள், என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள.

ஏப்ரல் 16, செவ்வாய்

அவளை உட்காரவைத்து ரெக்கார்டரை ஓடவிட்டேன். பேச எனக்கு வரவில்லை, அதைப் பேசவிட்டேன்.

முழுவதும் கேட்டாள். தன் குரல் வந்தபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பு என்னோடதும்மா. நீ பொய் சொல்லல."

"எனக்குத் தெரியும்பா. நான் சொல்லலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்." ரெக்கார்டரைக் காட்டிக் கேட்டாள்: "இது ரெக்கார்ட் ஆகலன்னா?"

 ரெக்கார்ட் ஆகாமல் போயிருந்தால், சாகும்வரை அவளைப் பொய்க்காரி என்றுதான் நினைத்திருப்பேன். பிற்காலத்தில் பெருந்தன்மையாக மன்னித்தும் இருப்பேன். 

ஏப்ரல் 17, புதன்

இவளிடம் கேட்டேன், "உனக்குத் தெரியுமா, அவ உண்மையைத்தான் சொன்னான்னு?"

"பொண்ணு முகத்தைப் பாத்தா தெரியாதா? உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் ரெண்டு சாட்சி வேணும்."

ஏப்ரல் 21, ஞாயிறு

செய்தியில் பிழை என்றால் மறுநாள் திருத்தம் போடுவோம். எவ்வளவு பெரிய பிழைக்கும் இரண்டு வரி. நானே நிறைய எழுதியிருக்கிறேன். மகளுக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன்.

'மார்ச் 23 அன்று இந்த வீட்டில் ஒருவர் பொய் சொன்னதாகக் கூறப்பட்டது தவறு.'

யாரால் கூறப்பட்டது? திருத்தங்களில் 'நான்' என்ற வார்த்தை எப்போதும் இருக்காது. கிழித்துவிட்டேன். 'நான் உன்னைப் பொய்க்காரி என்றேன். நீ இரண்டு முறை கேட்டாய்' என்று எழுதி அவள் மேசையில் வைத்தேன்.

மேசையில் இல்லை இப்போது. எடுத்து வைத்தாளா, எறிந்தாளா, கேட்கவில்லை.

மே 18, சனி

பதிவுகளைப் பற்றி இன்று யாரோ விசாரித்தார்கள். அழிந்துவிட்டன என்றேன். "எப்படி?" என்றார்கள். "நான் அழித்தேன்," என்றேன். சொல்ல இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

நேற்று கணினிக் கடைக்குப் போய் இன்னொரு டிரைவ் வாங்கினேன்.  அவளுக்கு மட்டும், முழுசாக. கோடு கிழிக்கவில்லை. ஒட்டுத்தாளும் ஒட்டவில்லை.

இன்று காலை அவளே ஸ்டூல் போட்டுக் கன்சோலைக் கீழே இறக்கினாள். தூசி தட்டினாள். நான் இந்த அறையில் பேப்பர் படிப்பவன்போல் உட்கார்ந்து, ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி ஒலித்தது.

'ஃபார்மேட் கேட்கிறது. எல்லாம் அழியும் என்கிறது. பண்ணலாமா? ஆம் / இல்லை.'

எழுந்து அவள் அறைக்குப் போனேன். பக்கத்தில் நின்றேன். திரையைக் கடைசி எழுத்துவரை படித்தேன்.

"பண்ணும்மா," என்றேன், வாயால்.

ரிமோட் அவள் மடியில் இருந்தது. விரல் பொத்தானுக்குப் போகவில்லை.

"மெசேஜ்ல போட்டுடுங்கப்பா."

குரலில் கோபம் இல்லை. தண்ணீர் எடுத்துத் தரச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அங்கேயே நின்று தட்டினேன். 'ஆம்.'

அவள் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் படித்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.