பயிற்சியாளருக்கு ஒரு சாப்பாடு

வியாழக்கிழமை, விடுதி.

எங்கள் கல்லூரி வாள்வீச்சுக் கழகத்தின் அவசரக் கூட்டம் இன்று காலை கூடி, பயிற்சியாளருக்குச் சம்பளமாக வாரம் ஒரு சாப்பாடு வழங்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வேறு நிதி இல்லை. சாப்பாட்டில் முட்டை உண்டா என்பதில் மட்டும் கழகம் இரண்டாக உடையப் பார்த்தது. செயலாளர் என்ற முறையில் நான் முட்டையின் பக்கம் நின்றேன்.

தீர்மானத்தோடு கர்நாடக எல்லையோரம் இருக்கும் ஜூஜுவாடிக்குப் பஸ் ஏறினேன். நாங்கள் பயிற்சியாளராக மனதில் வைத்திருந்த மஞ்சுளா அக்கா அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கல்யாணத்துக்கு முன் கர்நாடக அணிக்காக வாள் பிடித்தவர். காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர், தீர்மானத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“சோறு எங்க வீட்லயே இருக்கு கண்ணு. எதிர்ல நின்னு மோதத்தான் ஆளில்ல. ஞாயித்துக்கிழமை வர்றேன். அடி பட்டா அழக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.”

திரும்பி வந்து உடற்கல்வி இயக்குநரிடம் சொன்னேன்.

“வெளியாளையெல்லாம் உள்ள விட முடியாதும்மா. நம்ம கபடி மாஸ்டர்தான் கோச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா சாயந்திரம் வாளையெல்லாம் ஸ்டோர்ல வெச்சுப் பூட்டிருவேன்.”

“அவருக்கு வாள் பிடிக்கத் தெரியுமா சார்?”

“உனக்குத் தெரியுமா?”

நியாயமான கேள்வி. அதற்காகத்தான் அந்த அக்கா என்றேன். கையெழுத்துப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நடக்கும். உள்ளே விடாவிட்டால், நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கும் திடலில் நடக்கும். லாரிக்காரர்கள் அடையாள அட்டை கேட்பதில்லை.

சாயங்காலம் இயக்குநர் ஸ்டோருக்குப் புதுப் பூட்டு போட்டார். வாள்கள் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.