ஒரு நாள் ஆறட்டுங்க

திருப்பூர்,
மார்ச் 3, செவ்வாய்.

அன்புள்ள மாப்பிள்ளை முகிலனுக்கு,

உன் மாமன் ஆத்தப்பன் எழுதுகிறேன். ஜோர்டானில் உனக்குச் சோறும் தூக்கமும் ஒழுங்காக நடக்கிறதா? இங்கே நானும் உன் அத்தை செல்லாத்தாளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். போனில் குரல் அனுப்பாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். குரலில் சொன்னால் எனக்குப் பேச்சு வளர்ந்துவிடுகிறது. எழுதினால் விரல் வலிக்கிறது, அளவோடு நிற்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழையிருந்தால் நீயே திருத்திக்கொள். அத்தை இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

முதலில் பெருமையான சேதி. உன் மாமன் இப்போது கட்டிங் மாஸ்டர் இல்லை, புரொடக்ஷன் மேனேஜர். நீ வேலை பார்த்த அதே தீனதயாளன் கம்பெனியில்தான். போன வெள்ளிக்கிழமை ஆயிரம் பேர் நடுவில் மொதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். கைதட்டிய சத்தம் பக்கத்து ஊர் மங்கலம் வரைக்கும் போய், அங்கே தறிகளெல்லாம் ஒரு நொடி நின்றுவிட்டனவாம். எனக்கென்று தனி அறை, ஏசி, சுற்றுகிற நாற்காலி. அந்த ஏசியில் பத்து நிமிடம் இருந்தால் ஊட்டிக்காரனே கம்பளி கேட்பான்.

அந்த நாற்காலியில் நான் உட்காருவதில்லை. முதுகுவலி என்று சொல்லி, ஜன்னலோரம் நின்றுகொண்டே இருக்கிறேன்.

உன் அம்மா மூலனூரிலிருந்து ஒரு லாரி முருங்கைக்காய் அனுப்பினாள். சரி, ஒரு பை.

அன்புசெல்வியை உனக்கு நினைவிருக்கும். நீ இங்கே இருந்தபோது தரம் பார்க்கிற பிரிவில் புதிதாகச் சேர்ந்த மங்கலத்துப் பிள்ளை. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறாள் என்று சிரிப்பாயே, அவள்தான். இப்போது நம் கம்பெனியில் இல்லை. மங்கலத்தில் ஒரு சின்ன யூனிட்டில் உட்கார்ந்து பனியனுக்கு நூல் பிசிறு வெட்டுகிறாள். காரணம் நான்.

நீ சின்னவனாக இருந்தபோது உன் அம்மாவிடம், 'மாமன் நூறு, ஆயிரம்னு முழுசாச் சொன்னா கதைம்மா, உடைச்சுச் சொன்னா நெசம்' என்று போட்டுக் கொடுத்தாய். அன்றைக்கு உன் காதைத் திருகினேன். இனி நான் எழுதுகிற எண்களை அந்தக் கணக்குப்படியே பார்த்துக்கொள்.

பிப்ரவரி 9-ஆம் தேதி காலை 11.20-க்குத் துணி வந்தது. 37 ரோல். உனக்குத் தெரியாததா, பனியன் துணி இழுபட்டுத்தான் ரோலாக வரும். பிரித்து ஒரு நாள் சும்மா போட்டு வைத்தால் சுருங்கித் தன் அளவுக்கு வரும். அதற்குள் வெட்டினால் தைத்துத் துவைத்த பிறகு சுருங்கும். மாலையில் மொதலாளி வந்து, 'ஏனுங்க மாஸ்டர், கப்பல் தேதி நெருங்குதுங்க, இன்னைக்கே கத்தி வெக்க முடியுமுங்களா?' என்றார். முடியாது என்கிற சொல் என் வாய்க்குப் பழக்கமே இல்லை. தலையாட்டிவிட்டேன்.

அன்புசெல்வி குறுக்கே வந்து, 'ஏனுங்க மாஸ்டர், ஒரு நாள் ஆறட்டுங்க' என்றாள். 'கண்ணு, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கத்தி புடிச்சவன் நானு. என் கையில துணி சுருங்காது, வேணும்னா வெக்கப்படும்' என்றேன். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. 'உங்க கைக்குத் தெரியுமுங்க. துணிக்குத் தெரியாதுங்களே' என்றாள்.

துணி எத்தனை மணி நேரம் ஆறியது என்று எழுதுகிற தாள் ஒன்று உண்டு. துணி வந்தவுடனே அவள் அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள். மணிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் அதில் 24 என்று எழுதிவிட்டுக் கத்தி வைத்தேன். அப்போது மணி 4.55. ஆறியது 5 மணி 35 நிமிடம்.

தைத்துத் துவைத்து எடுத்தபோது 1,846 சட்டையில் கை நீளம் இரண்டேகால் சென்டிமீட்டர் குறைந்திருந்தது. சரக்கு வாங்குகிற பையரின் ஆள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டார். தாளில் இருந்தது அவள் கையெழுத்து. 'மாஸ்டர் எழுதுனதுங்க' என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னபோது நான் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டேதான் இருந்தேன், மாப்பிள்ளை.

அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மூன்று நாள் கழித்து மொதலாளியிடம் போய், அந்த 24-ஐ எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். 'ஏனுங்க மாஸ்டர், போன வருசம் காத்துல கூரை பறந்தப்ப ஒத்தக் கையில புடிச்சு நிறுத்துனதும் நீங்கதானுங்களே! அந்தப் புள்ளையக் காப்பாத்தப் பழியத் தூக்கித் தலையில வெச்சுக்கறீங்க. பெரிய மனசுங்க' என்றார். மறுநாளும் போனேன், சத்தியம் செய்தேன். என் சத்தியத்தையும் அவர் நிறையப் பார்த்திருக்கிறார். 'அந்தப் புள்ள எதுக்கெடுத்தாலும் பொறுங்க பொறுங்கங்குது. பொறுத்தா கம்பெனி நடக்குமுங்களா? முடியும்னு சொல்ற உங்களாட்ட நாலு பேராலதானுங்க இந்த ஊரே வளந்துச்சு' என்றார். அந்த வாரம்தான் சால்வை.

அவர் சொன்னதில் பாதி நிசம். இதற்கு முன் 14 தடவை ஆறாத துணியை வெட்டியிருக்கிறேன். 14 தடவையும் சரக்கு போய்ச் சேர்ந்தது. தப்பித்ததையெல்லாம் திறமை என்று நான் நினைத்தேன், அவரும் நினைத்தார். அந்தப் பிள்ளை பொறுங்க என்று சொன்னதால் கெடாமல் போன துணியை யார் எண்ணினோம்?

உன் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். 'ஆமா, துணியச் சுருக்குனதும் நீங்கதான், நெலாவத் தேய வெக்கறதும் நீங்கதான். சோறு ஆறுது, திங்க வாங்க' என்றாள். மங்கலத்துக்கே போய் அன்புசெல்வியைப் பார்த்தேன். வெட்டிய பிசிறெல்லாம் அவள் மடியில் கிடந்தது. எழுந்து உதறிவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். 'மொதலாளிகிட்டச் சொன்னேன்னு சொல்றீங்க, நான் நம்பறனுங்க. நான் நம்பி என்னங்க ஆகப்போவுது?' என்றாள்.

வருகிற 11-ஆம் தேதி குன்னத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவளை வேலைக்கு நேரில் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் நம் மொதலாளி தீனதயாளனுக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள். பொய்க் கணக்கு எழுதுகிற பிள்ளை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியும் அவள் கையில் டேப்பைக் கொடுக்காது.

நீ சொன்னால் அவர் கேட்பார். இங்கே இருந்தவரை ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்டிச் சொல்லாதவன் நீ. 11-ஆம் தேதிக்குள் அவருக்கு எழுது, மாப்பிள்ளை. மாமன் இந்த ஒன்றில் மட்டும் கதை விடவில்லை என்று எழுது. இந்த அறை போனாலும் போகட்டும், கத்தியைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும். நீயும் இதைப் படித்துச் சிரித்துவிட்டால் எனக்குப் போய்ச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

நூறு வயது இரு என்று எழுதத்தான் கை போகிறது. அதை நீ கதை என்பாய். தொண்ணூற்று மூன்று வயது வரைக்கும் நோய் நொடி இல்லாமல் நல்லா இரு, கண்ணு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் மாமன்,
ஆத்தப்பன்,
கட்டிங் மாஸ்டர்.