டிங்கர் கடைச் சிட்டை

1992, ஆனி மாதம், செவ்வாய் இரவு

இந்த வயதில் எழுத்துப் படித்து, இன்று முதல்முறையாக நாலு பேர் நடுவில் ஒரு காகிதத்தை வாசித்தேன். அதனால் என் மகனுக்கு டிரைவர் வேலை போய்விட்டது.

போன வாரம் சேத்தூர் பக்கம் ஓர் ஆட்டுக்கு ஒதுங்கி, முதலாளியின் அம்பாசிடரைப் புளியமரத்தில் இடித்துவிட்டான். வெளியே கதவு மட்டும்தான் நசுங்கியிருந்தது. உள்ளே கதவைத் தாங்கும் தூண் வளைந்ததையும் அடித்தகடு கிழிந்ததையும் அவரிடம் மறைத்திருக்கிறான். அந்தச் செலவைத் தானே மாதாமாதம் கட்டுவதாக டிங்கர் கடைக்காரரோடு பேச்சு. என்னிடம்கூடச் சொல்லவில்லை.

காரைப் பார்க்க முதலாளி வந்தபோது, அவனுக்காகப் பரிந்து பேச நானும் இராஜபாளையம் டிங்கர் கடைக்குப் போனேன். கடை மேசையில் கிடந்த செலவுச் சிட்டையை முதலாளி எடுத்தார்.

"கண்ணாடிய மறந்துட்டேன் பெரியவரே. நீங்க இப்ப எழுத்துப் படிக்கீகளாமே, வாசிங்க பாப்பம்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விரல் வைத்து வாசித்தேன். கதவு நிமிர்த்த முந்நூறு. தூண் வெட்டி ஒட்ட ஆயிரத்து இருநூறு. அடித்தகடு எண்ணூறு. பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க ஆயிரத்து ஐந்நூறு. நடுவில் மகன் இருமினான். பெருமையில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்க வாசித்தேன்.

"கதவு மட்டும்னு சொன்னியேலே," என்றார் முதலாளி. "சாவியக் குடு."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி மகன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நல்லா வாசிச்சீகய்யா. ஒரு எழுத்துகூடத் தப்பல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வழியெல்லாம் கடைப் பலகைகள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தால் வாசித்துவிடுகிறேன்.