ஆறாவது ஃபாரம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருந்தால் அதுவே போதும். அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, நாலு நாள் வேன் ஓட்டாமல் இருங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஒருத்தி நின்றுவிட்டதால் இரண்டு ஆள் வேலை என் தலையில், நாள் முழுக்கப் போர்வை மடித்து மடித்து, நேற்று அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரையே பிடுங்கி மடித்து வைத்துவிட்டேன்.

சின்னவள் பத்தாவது முடித்துவிட்டாள், மேலே தத்துவம்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆறு பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்குமாம், ஐந்து பேர் ஃபாரம் கொடுத்தாயிற்று, இவள்தான் ஆறாவது. உன் காலத்து டீச்சரேதான், வீட்டில் கேட்டு வரச் சொல்லி ஒரு கேள்வி கொடுத்திருக்கிறார், ஒருத்தருடைய நல்லதுக்காக அவரிடமே பொய் சொன்னால் அது தப்பா என்று. நீ என்னம்மா சொல்றே என்றாள். வேலைக்குப் போற நேரத்துல என்னடி கேள்வி என்று எரிந்து விழுந்தேன், ஆனால் அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறேன். உன் வருஷம் ஆள் சேராமல் தத்துவ வகுப்பை மூடிவிட்டார்கள் என்றேனே, அன்றைக்கும் ஆறு பேர் இருந்தீர்கள். நான்தான் பள்ளிக்கூடம் போய் உன் ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, தத்துவத்தை அடித்துவிட்டு வேதியியல் என்று எழுதிக் கொடுத்தேன். மற்ற ஐந்து பிள்ளைகளின் ஆசையிலும் சேர்த்து மண்ணைப் போட்டேன். நீ ஒரு வாரம் அந்த டீச்சரைத் திட்டினாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டேன். தத்துவம் சோறு போடுமா என்ற பயம்தான் கண்ணா, வேறொன்றுமில்லை. வேதியியல் இன்றைக்கு உனக்குச் சோறு போடுகிறது என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன், ஆனால் போன தடவை போனில் மருந்துக் கம்பெனி எப்படி என்று கேட்டதற்கு வேலை இருக்கும்மா, அவ்வளவுதான் என்றாயே, அது காதை விட்டுப் போகவில்லை.

இன்று காலை சின்னவள் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, பெரியவன் நல்லா இருக்கானா என்று மட்டும் கேட்டார், என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கண்ணைப் பரிசோதித்துக்கொள், தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். சின்னவள் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவன் நீதான். தப்புதான் என்று எழுதினாலும் அவளுக்கு நானே படித்துக் காட்டுகிறேன், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா